ஹைட்ரில்லா

என் வேலை நிற்பது.
மணலியில் டாங்க்குக்குள் ஆள் இறங்கும்போது
வட்ட வாய்க்கு வெளியே நான்.
பெயர், நேரம், ஆக்ஸிஜன் எவ்வளவு.
தனசேகர் 10.05. இருபது புள்ளி ஒன்பது.
பிரதாப் மாஜி 10.07. இருபது புள்ளி எட்டு.
பத்தொன்பதரைக்குக் கீழே போனால் கத்த வேண்டும்.
பன்னிரண்டு வருஷத்தில் நான்கு முறை கத்தியிருக்கிறேன்.
இறங்கியதில்லை.
காவல் நிற்பவன் இறங்கக் கூடாது.

அன்று மீட்டரைத் திருப்பிக் கொடுக்க மறந்து
சட்டைப் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பன்னிரண்டரை மணிக்கு
எர்ணாவூர் பிளாக்குகளில் முதலில் இருமியது நாய்.
பிறகு எங்கள் கண். பிறகு தொண்டை.
மூத்திர நெடிதான், ஆனால் பிளேடு வைத்த நெடி.
படிக்கட்டில் செருப்புகள் மேலேயும் ஓடின, கீழேயும் ஓடின.
காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல்
எந்தப் பக்கம் ஓடுவது?
ரோஸ்லின் போர்வையை நனைத்துக் கதவிடுக்கில் திணித்தாள்.
ஜன்னலுக்கு நான் பாக்கிங் டேப் ஒட்டினேன்.
எக்ஸாஸ்ட் ஓட்டைக்கு ஒரு அரிசிப் பை.
கரண்ட் எப்போதோ போயிருந்தது.

பத்துக்குப் பன்னிரண்டு அறை, மூன்று பேர்,
இருபது புள்ளி ஒன்பது.
வெளியே நிற்கும் அந்த வாயுவைப் பார்க்க
மீட்டருக்குக் கண் கிடையாது.
இதை ரோஸ்லினிடம் சொல்லவில்லை.

முதல் தடவையாக நான் டாங்க்குக்குள்.
வெளியே நின்று எழுத ஆள் இல்லை.

ஹெப்சி அலமாரியிலிருந்து பாட்டிலை இறக்கினாள்.
கொளத்தூரில் வாங்கிய இரண்டு கப்பி மீன்,
பத்து ரூபாய்க்கு ஒரு பிடி பாசி.
கடைக்காரருக்குப் பாசி. அவள் புத்தகத்துக்கு ஹைட்ரில்லா.
என் போனின் டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள்.

"பேட்டரி முப்பத்தொண்ணுதான் இருக்கு, அணைம்மா."
"இருட்டுல இதுவும் நம்ம மாதிரிதாம்பா.
நம்ம காத்தத்தான் இழுக்கும்.
வெளிச்சம் காட்னாதான் திருப்பிக் குடுக்கும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
பிறகு, நறுக்கிய தண்டின் நுனியில்
ரவை அளவுக்கு ஒரு குமிழ்
தயங்கி, கழன்று, மேலே போய் உடைந்தது.
"ஒண்ணு" என்றாள்.

சேஃப்டி வகுப்பில் படித்த கணக்கு எனக்குத் தெரியும்.
சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளுக்கு
மணிக்குப் பதினைந்து லிட்டர்.
இந்த வீட்டைப் போல இரண்டு மூன்று வீட்டுத் தரை நிறைய
இலை வேண்டும் ஒருவருக்கு,
வெயிலும் வேண்டும் பகல் முழுக்க.
இந்தப் பிடி பாசி
அந்த இரண்டு மீனுக்கே போதுமா தெரியவில்லை.
சொல்ல வாய் எடுத்தேன்.
அதற்குள் ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு
ரோஸ்லினும் எண்ண ஆரம்பித்திருந்தாள்.
நாற்பத்தி மூணு. நாற்பத்தி நாலு.
எண்ணும்போது அவள் மூச்சு நிதானப்பட்டது.
மூச்சு நிதானப்பட்டால் செலவு குறையும்.
அது மட்டும்தான் என் கணக்கில் சேர்ந்தது.

மூன்றரைக்குத் தலைவலி.
இருபது புள்ளி நான்கு.
பேட்டரி ஆறில் டார்ச் தானே அணைந்தது.
இருட்டில் நாங்கள் ஆறு உயிர்,
மீன், பாசி எல்லாம் சேர்த்து,
ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தேகாலுக்கு யாரோ கதவைத் தட்டி
"அடங்கிடுச்சு, தொறங்க" என்றார்கள்.
டேப் சுண்ணாம்போடு பிய்ந்து வந்தது.
கீழே பைக் ஸ்டாண்டுப் பூவரசில்
காற்று வந்த பக்கத்து இலையெல்லாம்
விளிம்பு கருகிச் சுருண்டிருந்தன.
மறுபக்கம் பச்சை.
ஹெப்சி பாட்டிலை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.
வெயில் பட்டதும் குமிழ்கள்
எண்ண முடியாத வேகத்தில் கிளம்பின.
அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

மறுநாள் சூப்பர்வைசர் மீட்டரைக் கம்ப்யூட்டரில் செருகினார்.
ராத்திரி முழுக்கப் பதிவாகியிருந்தது
ஒரே சரிவாய் இறங்கும் கோடு, இருபது புள்ளி இரண்டு வரைக்கும்.
"இன்னாய்யா இது? எந்த டாங்க்?
யார இறக்கின? பர்மிட் நம்பர் சொல்லு."

பெயர்கள் மூன்றும் இருக்கின்றன.
நேரமும் இருக்கிறது.
குமிழ் நானூற்றுப் பன்னிரண்டு.
சார்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை.