வானம் தாழ்ந்த ஞாயிறு

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு குடும்ப நாள்.
ஆளுக்குப் பத்து ரூபாய்,
மடியில் உட்காரும் குழந்தைக்குக் கிடையாது.
எட்டாவது படிக்கும் மகனை
மடியில் இருத்திக் காட்டினாள் ஒருத்தி,
அவன் கால் தரையில் இழுபட.
விட்டுவிட்டேன்.

தண்டையார்பேட்டையில் ரயில்வே கேட் தாண்டி
பழைய எண்ணெய்க் கிடங்குதான் எங்கள் அருங்காட்சியகம்.
மழை பெய்தால் சுவர்கள் இன்னும் கடலையெண்ணெய் மணக்கும்,
பாடம்பண்ணிய பூநாரை மீதும்.

பத்தரைக்கு நண்டுத் தொட்டி.
கையை நனைத்துக்கொண்டு
இரண்டு விரலால் முதுகை மட்டும் தொடலாம்.
"இது கொழம்புக்கு ஆவாது, வெறும் ஓடு"
என்றாள் காசிமேட்டு பிலோமினா.
நண்டு கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டது.

பதினொன்றுக்கு நுண்ணோக்கி.
பக்கிங்காம் கால்வாயின் ஒரு சொட்டில்
ஆயிரம் பேர் குடியிருந்தார்கள்.
பார்த்தவர்கள் எல்லாம்
கையைத் துடைத்துக்கொண்டார்கள்,
எதையும் தொடாமலே.

பன்னிரண்டுக்கு வானம்.

கறுப்புத் துணிக் கூடாரம்.
மூலையில் ஒரு ஊதுவிசிறி இரைந்து இரைந்து
அதை உப்ப வைக்கும்.
குகை வாசலில் தவழ்ந்துதான் போகவேண்டும்,
யாராக இருந்தாலும்:
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தணிகாசலமும்
அவர் தூக்கிவந்த கைக்குழந்தையும்
அன்றைக்கு ஒரே உயரம்.

முப்பத்தொரு பேர் மல்லாந்து படுத்தோம்.
விளக்கை அணைத்தேன்.
"யம்மா" என்றார் யாரோ.
அதற்கு மேல் நான் சொல்ல
பெரிதாக ஒன்றுமில்லை என்றாலும்
மனப்பாடம் செய்ததைச் சொன்னேன்:
இது கார்த்திகை, ஆறு தெரியுதா, எண்ணுங்கள்.
இது சப்தரிஷி, கரண்டி மாதிரி.

இருட்டில் ஒரு கை உயர்ந்தது.
கையைப் பார்க்கவில்லை,
வளையல் சத்தம் கேட்டேன்.
ஆஃப்ரின், மூன்றாம் வகுப்பு.
"மணலி நெருப்பு எங்க?
எங்க மாடில அதுதான் தெரியும்."

ஆலைப் புகைபோக்கி உச்சியில்
இரவெல்லாம் எரியும் அந்தச் சுடரை
என் வானத்தில் யாரும் வைத்திருக்கவில்லை.
அது நட்சத்திரம் இல்லைம்மா
என்று தொடங்கினேன்.

அப்போது கரண்ட் போனது.

முதலில் நட்சத்திரங்கள்.
பிறகு விசிறியின் இரைச்சல்.
எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள்
காதுக்குள் வந்து ஓடின.
பிறகு, மெல்ல,
மாவு புளித்து அடங்குவதுபோல
வானம் கீழே இறங்கியது.

"அக்கா, மூக்குல படுது" என்றது ஒரு குரல்.
பயந்துபோய் டார்ச்சைத் தேடினேன்,
பயிற்சியில் சொன்ன ஐந்து விதிகளில்
ஒன்றும் ஞாபகம் வரவில்லை.
யாரோ அழ ஆரம்பித்தார்கள், பெரியவர்.
குழந்தைகள் அழவில்லை.
துணியைக் குத்தினார்கள், கடித்தார்கள்,
வானத்துக்குள் தலையை விட்டுப்
பேயாக நின்றார்கள்.

வாசல் பக்கம் தணிகாசலம் எழுந்து
இரண்டு கையையும் தூக்கி நின்றார்.
நாற்பது டன்னைப் பொத்தானால் தூக்குகிறவர்
மூன்று கிலோ துணியைத் தாங்கி
வியர்த்து வழிந்தார்.
"பொம்பளைங்க, கொழந்தைங்க மொதல்ல போங்க"
என்றார், கப்பல் மூழ்குவதுபோல.
அவர் கைக்கு அடியில் எல்லோரும் தவழ்ந்தோம்.
வெளியே வந்தவுடன் பிள்ளைகள்
திரும்ப உள்ளே தவழ்ந்தன.
மூன்று முறை எண்ணினேன்,
மூன்று முறையும் வேறு வேறு கணக்கு.

படிவத்தில் எழுதினேன்:
குறைபாடு: வானம் சரிந்தது.
மேலதிகாரி அதை அடித்துவிட்டு
தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதினார்.

அடுத்த மாதம் வரிசை
கேட் வரை நின்றது.
"இன்னிக்கும் வுழுமா?"
அதை மட்டும்தான் கேட்டார்கள்.
விழாது, ஜெனரேட்டர் வந்துவிட்டது என்றேன்.
நான்கு குடும்பம் காசைத் திருப்பிக் கேட்டது.

உள்ளே, சப்தரிஷிக்கு வெகு கீழே,
துணி தரையைத் தொடுகிற இடத்தில்
என் டார்ச்சுக்கு ஆரஞ்சு மிட்டாய்த் தாள் சுற்றி
நிறுத்தி வைத்திருந்தேன்.
கொஞ்சம் ஆடட்டும் என்று
விசிறிக் காற்று படுகிற பக்கமாக.

ஆஃப்ரின் அன்றைக்கு வரவில்லை.
பிலோமினாதான் முதலில் பார்த்தாள்.
"அதோ நம்ம பக்கம்" என்று
பக்கத்தில் படுத்திருந்தவரை இடித்தாள்.
அவர் அவளுக்கு முன்பின் தெரியாதவர்.