வார்டோவில் ஏப்ரல் பதினைந்து

மணி பத்தே முக்கால். வடக்கே வானம்
இன்னும் முழுதாய் இருட்டவில்லை.
பனி பாதி கரைந்த முற்றத்தில்
அப்பாவின் நண்டுக் கூண்டுகள்
ஒன்றன்மேல் ஒன்றாய், காலியாக.

இங்கெலின் திரையைப் பார்க்கிறாள்.
விண்ணப்பத்தில் பத்து இடம்.
மேலே இருப்பது அதிகம் வேண்டுவது.
கீழே போகப் போக
வேண்டாம் என்று சொல்ல மனம் வராதவை.

ஒன்று, ட்ரோம்சோவில் நர்சிங்.
இரண்டு, கப்பல் எஞ்சின்.
மூன்று, பெர்கனில் தத்துவம்,
மாரித்தா அங்கே போகிறாள் என்பதற்காக மட்டும்.
நான்கு, கணக்கு வாத்தியார் சொன்னது.
ஐந்து, கடலின் தரையை அளக்கிற படிப்பு.
பேருந்து நிறுத்தத்தில், மழையில்,
பாதி கிழிந்த சுவரொட்டியில் பார்த்தது.
மீதி ஐந்தும் வெள்ளை.

விரலால் பிடித்து இழுத்தால் வரிகள் இடம் மாறும்.
இழுக்கிறாள். நர்சிங் கீழே, எஞ்சின் மேலே.
மறுபடி எஞ்சின் கீழே.
ஒரு வாழ்க்கை இன்னொன்றைத் தாண்டி ஏறும்போது
ஒரு கிறீச் கூட இல்லை.

தலையெழுத்தை அழிக்க முடியாது என்பார்கள்.
இதை நள்ளிரவு வரை அழிக்கலாம்.
அதுதான் பயமாக இருக்கிறது.

ஊரில் எல்லோரும் கேட்டாயிற்று.
கடையில் பால் எடுக்கும் இடத்தில் ஒருத்தி,
பெட்ரோல் போடும்போது இரண்டு பேர்,
பல் மருத்துவர்கூட,
அவள் வாய்க்குள் இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு:
"எங்கே?"
"ஆ" என்றாள்.
"நல்ல இடம்" என்றார்.

இந்த ஊரை விட்டுப் போகும் ஒரே சாலை
கடலுக்கு அடியில் போகிறது.
நன்றாகப் படித்த பிள்ளைகள் அதற்குள் நுழைய வேண்டும்.
போகாமல் இருப்பதற்குப் பட்டியலில் எண் கிடையாது.

அவளுக்கோ
ஒரு வருடம் நண்டு ஆலையில் இரவு ஷிப்ட்,
கையில் ரப்பர் உறை, காதில் பாட்டு,
மாதக் கடைசியில் சொந்தக் காசு.
அது ஆசையா, சோம்பலா, பயமா?
தெரியவில்லை. மூன்றும்
ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வருகின்றன.

பதினொன்றரைக்கு அப்பா வந்தார், சாக்ஸ் காலோடு.
தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து
உதடு அசையப் படித்தார்.
"எஞ்சின் எதற்கு?"
"உங்களுக்குப் பிடிக்குமே."
"எனக்கா? அந்தச் சத்தம் கேட்டுக் கேட்டு
ஒரு காதே போய்விட்டது."
"பிறகு ஏன் சின்ன வயதில்
ஞாயிறுதோறும் அதைத் திறந்து காட்டினீர்கள்?"
"உனக்குப் பிடிக்குமே என்றுதான்."

பத்து வருட ஞாயிற்றுக்கிழமைகள்
சமையலறையில் வந்து நின்றன.
இருவரும் சிரித்தார்கள். அவர் சற்று முன்னதாகவே
நிறுத்திக்கொண்டார்.
ரொட்டியில் பழுப்புச் சீஸ் வைத்து,
நின்றபடியே தின்று, படுக்கப் போனார்.

எஞ்சினை அழித்தாள்.
வாத்தியாரை அழித்தாள், அது சுலபம்.
பெர்கனுக்கு வந்தபோது கைபேசி அதிர்ந்தது:
அனுப்பிட்டியா? ரெண்டு பேரும் போய் வருவோம்.
"போய்" என்று தொடங்கி விரல் நின்றது.
ஒரு சுழி குறைந்தால் அது பொய்.
பதில் எழுதாமல் வரியை அழித்தாள்.

பதினொன்று ஐம்பத்தெட்டு.
மேலே கடலின் தரை, கீழே நர்சிங்.
ஏன் அந்த வரிசை என்று யாராவது கேட்டால்
மழை, சுவரொட்டி என்றுதான் சொல்ல முடியும்.
ஜூலையில் பதில் வரும்.
வேண்டாம் என்று சொல்லவும் அப்போது ஒரு பொத்தான் இருக்கும்.
ஆலைக்காரனை நாளை கேட்டு வைக்கலாம்.
அழுத்தினாள்.
திரை நன்றி சொன்னது.

பூட்ஸை மாட்டிக்கொண்டு
சுரங்க வாய் வரை நடந்தாள்.
உள்ளேயிருந்து ஒரு மீன் லாரி
கண் கூச ஏறி வந்தது.
ஓட்டுநர் கை தூக்கினார், யாரென்று தெரியாது.
அவளும் தூக்கினாள்.
அப்போதுதான் உறைத்தது,
தொப்பி எடுத்து வரவில்லை.