ஆறாவது கோடு

வியாழன் மூன்று மணி.
மஞ்சூரில் ரேஷன் கடைக்கு மேல் மாடி.
சுவரெங்கும் முட்டை அட்டை,
ஒரு மைக், ஒரு ஹீட்டர்.
ஹீட்டரைப் போட்டால் மைக்கில் இரைச்சல்,
ஆகவே குளிரோடுதான் பாட்டுத் தேர்வு.

எங்கள் அலை பதினைந்து கிலோமீட்டர் போகும்,
மலை குறுக்கிட்டால் அதிலும் பாதி.
குந்தா போகிற வழியில் ஒரு வளைவில் மட்டும்
எதனாலோ சுத்தமாகக் கேட்கும்.
அங்கே ஜீப்பை நிறுத்தி ஞானையா கூப்பிடுவார்:
"ஒரு சினிமாப் பாட்டு போடக் கூடாதா மேடம்?"
உரிமத் தொகையைச் சொல்வேன்.
"அந்தக் காசுக்கு நானே பாடுவேனே."
பாடச் சொன்னோம். பாடினார்.
அதையும் போட முடியவில்லை.

போஜனுக்கு ஆட்டத்துக்கு ஏற்ற படுகப் பாட்டு வேண்டும்,
அதுவும் கீபோர்டு இல்லாமல்.
கீபோர்டு இல்லாதது இப்போது யாரிடம் இருக்கிறது
என்று கேட்டால் கோபம் வரும்.
யோகராணிக்குக் கொழுந்து பறிக்கையில்
காதில் ஏதாவது விழுந்தால் போதும்,
"நடுவுல நீ பேசாம இருந்தா சரி."
ஷைலஜா விரல் மடக்குவாள்,
போன வாரம் எந்த மொழி எத்தனை நிமிடமென்று.
நான் கேட்பது ஒன்றே:
பாடியவர் சம்மதித்தாரா?

ஒரு பதிவில் குக்கர் விசில்.
வெட்டலாமா என்று நாற்பது நிமிடம்.
வெட்டவில்லை.
விசிலுக்கு அப்புறம்தான் அவள் குரல் ஏறுகிறது.

ரேசன் மின்வாரியத்தில் ஒப்பந்த வேலை.
மதிய இடைவேளையில் பைக்கில் வந்து
ஏழு நிமிடம் குழல் ஊதினான்.
ஹெட்போனைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தேன்.
"எங்க வீட்டுல பாடையோட நடக்கிறப்ப ஊதுறது.
கேட்டீங்க, ஊதினேன்.
காத்துல விட்டுடாதீங்க."

அந்த வருடத்தின் சிறந்த பதிவு
'வேண்டாம்' என்ற ஃபோல்டருக்குப் போனது.

ஆடிக் காற்றில் மரம் விழுந்து
இரண்டு நாள் கரண்ட் இல்லை.
மூன்றாம் நாள் விடியலில்
கம்ப்யூட்டர் தானாக எழுந்து
கைக்கு வந்ததை எடுத்தது.
எது என்று பார்க்க மாடியில் யாருமில்லை.
ஐந்து பத்துக்குக் குழல்
தேயிலைச் சரிவெல்லாம் இறங்கிப் போனது.

புகார் எதுவும் வரவில்லை.
ஒரே ஒரு போன். பெண் குரல். பேர் சொல்லவில்லை.
"யாரு?" என்றாள்.
"யாரு போயிட்டாங்க?"

சாயங்காலம் ரேசன் வந்தான்.
திட்டுவான் என்று டீ போட்டு வைத்திருந்தோம்.
டீயைக் குடித்தான்.
"விட்டாச்சு. இனி அது யாருக்காவதுன்னு இருக்கணும்.
ஆளில்லாம அலையக் கூடாது.
ஒரு பேர் சொல்லுங்க."

போஜன் ஜன்னலைப் பார்த்தார்.
ஷைலஜா பேனாவை மூடினாள், திறந்தாள்.
என்னிடமும் பேர்கள் இருந்தன,
எல்லோருக்கும் மேளம் அடித்து முடிந்திருந்தது.

யோகராணி சொன்னாள், அரிசி விலை சொல்வதுபோல:
"மரகதவல்லி. எங்க அக்கா.
கப்பலுக்கு எழுதின பேர்ல அவ பேர் விட்டுப்போச்சு.
அட்டன்லயே விட்டுட்டு வந்தோம்.
செத்தது மூணு மாசம் கழிச்சுக் கடுதாசியில தெரிஞ்சுது.
அன்னிக்கு அப்பாவுக்கு எஸ்டேட்டில லீவு தரல."

ரேசன் அந்தப் பேரை
வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான்.
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

ஒலிபரப்பு ரெஜிஸ்டரில்
தேதி, நேரம், பாட்டு, பாடியவர், நிமிடம்.
அதற்கப்பால் இருந்த கொஞ்ச இடத்தில்
ஷைலஜா ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு இழுத்தாள்.
தலைப்பு: யாருக்காக.

இப்போது வியாழக்கிழமைச் சண்டையெல்லாம்
அந்தக் கட்டத்துக்குத்தான்.
பெரும்பாலும் காலியாக விடுகிறோம்.
ஒருமுறை 'நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள்'.
ஒருமுறை போஜன் எதையோ எழுதி அடித்துவிட்டார்.

போன வாரம் குக்கர் விசில் பாட்டுக்கு நேராக
'வளைவில் நிற்கிற ஜீப்' என்று எழுதினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

ஆறே முக்காலுக்கு ஞானையா கூப்பிட்டார்.
"சினிமா இல்லைதான்.
ஆனா அந்த விசில்,
அது நல்லாருக்கு மேடம்."