மூலமாதிரி கிடைத்த இடம்

உயரம் பதினான்கு மில்லிமீட்டர்.
எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி போகும்போது
பதினைந்து.
மேசை அடங்கக் காத்திருந்து மறுபடி அளக்கிறேன்.
பதினான்குதான்.

புரிகள் ஆறரை. வலஞ்சுழி.
நுனி மழுங்கல், வெளியுதடு உடைசல்,
அச்சுத்தண்டில் இரண்டு மடிப்பு.
குடும்பம் தெரிகிறது.
பேரினத்துக்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கிறேன்.

கடைசிப் புரிக்கு முந்தியதில் ஒரு துளை.
"துளைக்கருவி பட்டிருக்கலாம்" என்கிறது
மதிப்பீட்டாளரின் கடிதம்.
இல்லை ஐயா.
வெளியே அகன்று உள்ளே குறுகுகிறது பாருங்கள்,
இது இன்னொரு நத்தையின் வேலை.
அமிலம் பூசி, நாக்கால் அராவி,
ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்து தின்றிருக்கிறது.
எங்கள் எந்திரம் வந்தது
எத்தனையோ லட்சம் ஆண்டு பிந்தி,
முப்பத்தொரு மீட்டர் இறங்க
இரண்டு முறை பல் மாற்றிக்கொண்டு.

சேற்று உருளையைக் குச்சியால் கீறிக் கண்டெடுத்தவன்
தேசிங்கு, எந்திரத்துக்கு எடுபிடி.
சுண்ணாம்பு டப்பியில் போட்டுக் கொடுத்தான்.
உன் பெயரையே வைக்கட்டுமா என்றேன்.
"வாணாம் மேடம்.
இஸ்கூல்ல நம்மள நத்தைன்னுதான் கூப்டுவானுங்கோ.
பொஸ்தகத்துல வேறயா?"

ஆகவே கொருக்குப்பேட்டென்சிஸ்.
ஊருக்கு ஓர் இலத்தீன் வால்.

கிடைத்த இடம்:
கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட்டுக்கு வடக்கே,
கால்வாய்க் கரை,
கதவிலக்கம் 41-க்கும் 43-க்கும் நடுவே.
விதிப்படி இதைத் துல்லியமாக எழுத வேண்டும்.
நாளைக்கு எவராவது சந்தேகத்தோடு வந்தால்
அங்கேதான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

அச்சுப்படி வர பதினோரு மாதம்.
அதற்குள் 41 இல்லை. 43-உம் இல்லை.
கரை முழுக்க நீல நிறத் தகரத் தடுப்பு.
தேசிங்கு பெரும்பாக்கத்திலிருந்து பேசினான்,
ஏழாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை.
குடும்ப அட்டையில் விலாசம் மாற்ற
யாராவது பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட்டால் தேவலையாம்.
"நீங்க ஆபீசர்தானே மேடம்?"

என் கையெழுத்து அங்கே செல்லாது.
செல்லும் இடம் ஒன்றுதான், இந்த அச்சுப்படியின் ஓரம்.
அங்கே பதிப்பாசிரியர் பென்சிலால் கேட்டிருக்கிறார்:
இந்தக் கதவிலக்கங்கள் எந்த வரைபடத்திலும் இல்லையே,
நீக்கிவிடலாமா?

நீக்க வேண்டாம் என்று எழுதினேன்.
43, தேசிங்கு வீடு என்று
இன்னும் இரண்டு சொல் சேர்த்தேன்.