ஒரு பல் தள்ளி

பன்னிரண்டாவது கொண்டை ஊசியில்
மூச்சை விட்டுவிட்டது.

மஞ்சள் வண்டி. இரண்டே கதவு.
மூன்றாவது ஓனர் நான்.
கோயம்புத்தூர்க்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
துக்கம் என்று நினைத்தேன்.

எட்டரை லட்சம்.
செர்ரி ரோட்டு மாடியில்
பதினோரு வருஷம் பீங்கான் பல் செய்து சேர்த்தது.
இந்த ஊரில் எத்தனை வாய்க்குள்
என் கைவேலை மெல்லுகிறது என்று
எனக்கே கணக்கில்லை.

டைமிங் பெல்ட் மாற்றியது
கொண்டலாம்பட்டி இருசப்பன்.
இருபத்தாறாயிரம். பில் கிடையாது.
எடுத்த அன்றே ஒரு நடுக்கம்.
சிக்னலில் நிற்கையில்
ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு ஏறும்
லேசான குளிர்சுரம்.
'புது பெல்ட்டு சார்.
ஓட்ட ஓட்ட செட்டாயிடும்.'

ஓட்டினேன்.
கோரிமேடு வரை குதிரை.
அடிவாரம் தாண்டியதும் கழுதை.
நான்காவது வளைவில் விளக்கு எரிந்தது.
ஏழில் அரசுப் பேருந்து முந்தியது,
கடைசி சீட்டுப் பையன் டாட்டா காட்டினான்.
ஒன்பதில் சிமெண்ட் ஏற்றிய டெம்போ.
பத்தில், சொல்ல வெட்கம்,
ஒரு டிவிஎஸ் எக்ஸெல்:
அதில் மூன்று பேர், ஒரு கோழிக்கூண்டு.

பானெட்டைத் தூக்கினேன்.
தூக்கினால் என்ன தெரியும் எனக்கு?
சூடு முகத்தில் அடித்தது.
குரங்கு ஒன்று கூரையில் உட்கார்ந்து
கண்ணாடி வைப்பரை ஆராய்ந்தது.
கீழே, வெயிலில்,
மேக்னசைட் தோண்டிய வெள்ளைக் குழிகள்,
பிடுங்கிய பல்லின் இடம்போல.

போன் எடுத்தான் இருசப்பன்.
'வரும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு.'
கொஞ்சம் விட்டு,
'ஏத்தத்துல ஏசி போட்டீங்களா?'

பலாப்பழம் ஏற்றி இறங்கிய வேன் நின்றது.
சடையன் என்று பெயர் சொன்னார்.
ஆளுக்கொரு பக்கம் தள்ளி வண்டியைத் திருப்பி
நைலான் கயிற்றில் கட்டினோம்.
'பிரேக்க மட்டும் மறந்துராதீங்க.'
இன்ஜின் செத்த வண்டியில் பிரேக் கல்.
இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு
பதினொன்று, பத்து, ஒன்பது...
எண்ணி எண்ணி இறங்கினேன்.
முன்னால் பலாவாசம்.
ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் போனார் சடையன்,
ஒரு பழத்தை என் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு.

மறுநாள் சூரமங்கலம்.
அருள்செல்வியின் பட்டறை.
ஸ்பேனரைப் போட்டுக் கீழ்ச்சக்கரத்தை
கையால் மெல்லச் சுற்றினாள்.
கீழே கோடும் கோடும் சேர்ந்தன.
மேலே சேரவில்லை.
'ஒரு பல் தள்ளி மாட்டிருக்காங்க.'
'ஒரே ஒரு பல்லா?'
'அது போதும் சார்.'

சுண்டுவிரல் நகத்தளவு.
குனிந்து பார்த்தேன்,
நிமிர முடியவில்லை கொஞ்ச நேரம்.

பொங்கலுக்கு முந்தின வாரம்
அயோத்தியாப்பட்டணத்து வைரமணி அம்மா
கன்னத்தில் கைவைத்து
என் மாடிப்படி ஏறி வந்தார்.
கீழ்த்தாடை, இடது கடைவாய்.
தேங்காய்ச் சில்லை வைத்தால்
காதுவரை சுண்டுகிறது என்றார்.
நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்லியிருந்தால்
உயரம் தெரிந்திருக்கும்.
ஒரு காகிதக் கனம்.
ராவினால் ஐந்து நிமிஷம்.
அன்று எட்டுப் பல் டெலிவரி.
'கடிக்கக் கடிக்கப் பழகிடும்மா'
என்றேன்.

'வால்வு வளைஞ்சிருக்கலாம்'
என்றாள் அருள்செல்வி.
'திறந்தாத்தான் தெரியும். திறக்கவா?'
தலையாட்டினேன்.
இருசப்பனைத் திட்டச் சேர்த்துவைத்த சொற்கள்
வாய்க்குள்ளேயே கிடந்தன,
துப்பவும் முடியாமல்.

ராத்திரி ரிஜிஸ்டரைப் புரட்டி
நம்பரைத் தேடிப் போட்டேன்.
டிவி சத்தம். பிறகு அவர் குரல்.

'இப்ப வலி இல்லீங்க.
வலப்பக்கமாவே மென்னு பழகிட்டேன்.
ஆமா,
நீங்க யாரு பேசறது?'