மூன்றாம் எண் ஜன்னல்

பாத்கென் நகரப் பதிவு அலுவலகத்தில்
முதல் ஜன்னலில் பிறப்பு,
இரண்டாவதில் இறப்பு.
மூன்றாவது என்னுடையது. என்னிடம் வருகிறவர்களுக்கு
இரண்டுக்கும் நடுவில் ஏதோ சிக்கல்.

ஆப்ரிகாட் பூத்ததும் வரிசை நீளும்.
மாஸ்கோவில் பனி உருகிக்
கட்டட வேலை தொடங்கும் பருவம்.
ஒரே ஒரு எழுத்து மாற்றித் தா அக்கா என்பார்கள்,
ஒரு குவளை மாவு கடன் கேட்பதுபோல.

எசென்கெல்தி முழுப் பெயரையுமே மாற்றக் கேட்டான்.
"தடைப் பட்டியலில் இருப்பது பெயர்தானே,
நான் இல்லையே?"
இரண்டு அபராதங்கள் அவனுக்கு.
கோடு போடாத இடத்தில் தெருவைக் கடந்தது ஒன்று.
தூங்கும் முகவரியைப் பதியாதது இன்னொன்று.
பதினான்கு பேர் படுக்கும் அறை,
அவன் கட்டில் பகலில் வேறொருவனுடையது,
எந்தப் பாதியைப் பதிவது?
பணம் கட்டிவிட்டான். கட்டிய ரசீதே
குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது.
ஐந்து வருடம் உள்ளே வரக்கூடாது.
ஒன்றியத்தில் சேர்ந்தாயிற்று, இனி வேலைக்கு அனுமதிச்சீட்டு வேண்டாம் என்று
வானொலி சொன்ன அன்று
ஆடு அடித்தவன் அவன்.

எங்கள் மொழியில் எசென்கெல்தி என்றால்
சுகமாய் வந்து சேர்ந்தான்.
பனிப்புயலில், லாரியில் பிறந்தவன்.
புதுப் பெயர் என்ன என்று கேட்டேன்.
செத்துப்போன சித்தப்பாவின் பெயரைச் சொன்னான்:
துர்து. தங்கிவிட்டான்.
பிள்ளை நிலைக்காத வீட்டில் வைக்கிற பெயர்.
போவதற்காக ஒருவன் அதைக் கேட்கிறான்.
சிரிக்காமல் முத்திரை குத்தினேன்.

அந்த வாரம்தான் பிஷ்கெக்கிலிருந்து
ஒரு பெண் படிவங்களோடு வந்தாள்.
ஏன் போகிறீர்கள்? ஒன்றை மட்டும் குறிக்கவும்:
வருமானம், படிப்பு, குடும்பம், மற்றவை.
துர்து வருமானத்தைக் குறித்தான்.
கூரை போடாத வீடு, தம்பி கல்யாணக் கடன், எல்லாம் உண்மை.
பேனாவைத் திருப்பித் தரும்போதுதான் சொன்னான்:
"பத்தொன்பதாம் மாடிச் சாரத்தில், விடியற்காலையில்,
நான் யாருக்கும் மகன் இல்லை அக்கா."
அவள் அதற்குள் படிவத்தைப் பையில் போட்டுவிட்டாள்.

நான்காம் நாள் அவன் ஊரில் இருந்தான்.
"கண்ணாடித் தட்டில் விரலை வை என்றார்கள்.
பெயரைக் கேட்கவே இல்லை."

மே மாதம் சோனுன்பு கிளம்பினாள், அவன் மனைவி,
எந்தப் பட்டியலிலும் இல்லாதவள்.
யெகாதெரின்பர்கில் தையல் பட்டறை.
இரவில் அவளுக்கு ஃபோன் போட்டு
நூடுல்ஸ் மாவுக்கு எத்தனை முட்டை என்று கேட்கிறான்.
அக்டோபரில் கூரை வந்தது, பச்சைத் தகரம்.
ஊர் வந்து அவனைப் பாராட்டியது.
தலையாட்டி வைத்தானாம்.

என்னையும் கேட்டாள் அந்தப் பெண்,
நீங்கள் ஏன் திரும்பினீர்கள்?
அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றேன்.
எல்லோரும் சொல்வது. எழுத எளிது.
உண்மையில் அம்மா அப்போது சந்தையில்
உருளைக்கிழங்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாள்.

மாஸ்கோவில், பல்பொருள் கடையில்,
என் மார்பில் மாஷா என்று எழுதியிருந்தது.
எனக்கு முன் இருந்தவளின் சீட்டு.
புதிது அடிக்கச் செலவாம்.
இரண்டு வருடம் மாஷாவாகச் சில்லறை கொடுத்தேன்.
என் பெயர் புருல். திரும்பு என்று பொருள்.
ஐந்தாவதும் பெண்ணாகப் போக,
அடுத்தது ஆணாகத் திரும்பட்டும் என்று வைத்தது.
ஒருநாள் சுரங்கப்பாதைப் படியில் யாரோ
புருல், புருல் என்று கூப்பிட்டார்கள்.
நான் திரும்பவில்லை.
அடுத்த வாரம் திரும்பினேன்.

இன்று காலை துர்து வந்தான்.
மகனின் பள்ளி நோட்டில் இன்னும்
எசென்கெல்தியின் மகன் என்றுதான் இருக்கிறதாம்,
ஆசிரியர் திருத்தச் சொல்கிறாராம்.
எதைத் திருத்துவது,
பையனுடையதையா, உன்னுடையதையா என்றேன்.
கட்டணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.
யோசித்தான்.
அவன் விரல்நுனிகளில் மாவு காய்ந்திருந்தது.
பின்னால் நின்றவன் கண்ணாடியைத் தட்டினான்.