பத்துக் கட்டம்

பெயருக்குப் பத்துக் கட்டம், இடம் ஒட்டி.
எடைக்கு எட்டு, வலம் ஒட்டி.
மூட்டைக்கு முன்னால் சுழியம் நிரப்பு.
ராத்திரி ஆங்கிலப் பெயர்களில் ஓட்டிப் பார்த்தேன்,
நடவுக் கயிறு பிடித்த மாதிரி நின்றது.

காலையில் கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
முதல் ரசீதே கோணல்.

பக்கிரிசாமி. வாய்க்கு ஆறெழுத்து.
புள்ளி, துணைக்கால், மூன்று மேல்விலங்கு
எல்லாவற்றையும் தனித்தனி ஆளாக எண்ணி
பதினொன்று என்கிறது இயந்திரம்;
பதினொன்றாவதை வெட்டிவிட்டது.

அவர் தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
"கடைசியில ம தான் இருக்கு. மி எங்கம்மா?
ஈரப்பதத்துக்குக் கழிச்சிட்டீங்களா?"

சிரிக்கத் தெரியவில்லை எனக்கு.
எதிரே தார்ப்பாய் ஓரத்தில் சேவியர்
குள்ள மூட்டைக்கு அடியில் வைக்கோல் திணித்து
அடுக்கைச் சமமாக்கிக்கொண்டிருந்தார், எதையும் எண்ணாமல்.

அகலத்தைப் பதினைந்தாக்கினேன்.
வரிசையில் அடுத்து
வே. மங்கையர்க்கரசி.